இரண்டு துகள் கண்ணாடிகள்

கார்லோவாட்ஸ் நகரத்துப் புகைப்படக் காப்பகத்தில் ஏறக்குறைய முப்பது வருஷம் இருட்டறையில் நின்று வேலை பார்த்தவள் நெவென்கா. கூபா ஆற்றில் தானியப் படகு இழுத்த ஆட்களின் பழைய படம் ஒன்று காப்பக இயக்குநர் ஸ்வோனிமிரின் அறையில் தொங்கியது. அதில் முன்வரிசையில் நிற்கிறவன் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிற நூலில் தைத்திருப்பது தெரியும். யார் வந்தாலும் ஸ்வோனிமிர் அந்தப் பொத்தானில் விரலை வைத்து, "நம்ம நெவென்கா போட்ட பிரிண்ட்" என்பார்.

அந்தப் படங்கள் எல்லாம் கண்ணாடித் தகடுகளில் இருந்தவை. உள்ளூர்ப் படக்காரர் ஒருவர் முதல் உலகப் போருக்கு முன்பு எடுத்து, அவர் செத்த பிறகு மாவு மில் பரணில் மூவாயிரத்துச் சொச்சம் தகடு கேட்பாரற்றுக் கிடந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து, எண் போட்டு, என்லார்ஜரில் வைத்துப் பெரிதாக்கித் தாளில் இறக்குவது நெவென்காவின் வேலை. கல்யாணம் செய்து நாலு வருஷத்தில் புருஷனை விட்டு வந்தவள், பிள்ளை இல்லை. படகுக்காரர்களையும் சந்தைப் பெண்களையும் தன் சொந்தக்காரர்களைப்போலப் பேசுவாள். "அந்த வாத்து விக்கிறவ இன்னிக்கு அழகா வந்துட்டா" என்று டெவலப்பர் தட்டிலிருந்து படத்தைத் தூக்கிக் காட்டுவாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாகொடாவின் மேஜை. ஆறு வயது இளையவள், வாய் ஓயாதவள். வெளியே போய்ப் படமெடுக்கிறவர்கள் கொண்டுவரும் சின்னப் படச்சுருள்களைப் பிரிண்ட் போடுவது அவள் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம் பிறந்த மகள் மிர்த்தாவுக்கு ஞானஸ்நானத்தின்போது நெவென்காதான் ஞானத்தாயாக நின்றாள். அந்த உறவுக்கு அங்கே 'கூமா' என்று பெயர். அதிலிருந்து யாகொடாவும் அவள் புருஷன் வின்கோவும் பிள்ளையும் அவளைக் கூமா என்றே அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சூப் அவளுக்கு அந்த வீட்டில்தான்.

எழுபத்தாறாம் வருஷம் நெவென்காவுக்கு நாற்பத்தொன்பது முடிந்தபோது கிட்டத்துப் பார்வை மங்க ஆரம்பித்தது. செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தாள். அதுகூடப் பரவாயில்லை. என்லார்ஜரின் அடியில் வெள்ளைத் தாள் வைத்து, லென்ஸை மேலும் கீழும் திருப்பி, படம் கூர்மையாக நிற்கிற இடத்தை வெறுங்கண்ணால் பிடிப்பதுதான் அவள் பழக்கம். அதுதான் இப்போது முடியவில்லை. மூக்குக் கண்ணாடி போட்டுக் குனிந்தால் தலையின் நிழல் படத்தின்மேல் விழுந்தது. தபால்தலை சேர்க்கிற ஒருவரிடம் கைப்பூதக்கண்ணாடி வாங்கி வந்து பார்த்தாள். தாளின் நார் தெரிந்தது, படம் தெரியவில்லை.

"என்ன கூமா, தாளை மோந்து பாக்கறியா?" என்றாள் யாகொடா, தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"சிரிக்காத. உனக்கும் வரும்."

"வரட்டும். அதுக்கு முன்னாடி எல்லை தாண்டி திரியெஸ்தே போயிட்டு வருவோம். இத்தாலிக்காரன்கிட்ட இதுக்குன்னே ஒரு சாமான் இருக்காம். பலகை மேல வெச்சு எட்டிப் பார்த்தா நெகட்டிவோட துகளே தெரியுமாம். எனக்கும் ஒண்ணு வேணும். மிர்த்தாவுக்கு ஜீன்ஸும் வாங்கணும்."

அப்படித்தான் மே மாதத்து ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் இருவரும் பஸ் ஏறினார்கள். பஸ் முழுக்க ஊர்க்காரர்கள்தான். போகும்போது வெறும் பை, வரும்போது காப்பிக்கொட்டையும் சலவைத்தூளும். நெவென்கா மட்டும் மடியில் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். ஓரம் உடைந்துபோன பழைய கண்ணாடித் தகடு ஒன்றைத் தலைத்துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

"அதை எதுக்குத் தூக்கிட்டு வர?"

"செருப்பு வாங்கப் போறப்ப காலைக் கொண்டு போகாம இருப்பியா?"

கால்வாய்க்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தக் கடை இருந்தது. கடைக்காரர் வயதானவர், அவர்கள் பேச்சைத் தட்டுத்தடுமாறிப் பேசினார். துகள் கண்ணாடி என்று பெயர் சொல்லி மூன்று விதம் எடுத்து வைத்தார். முதலாவது பிளாஸ்டிக், மூக்குப்பொடி டப்பா அளவு. இரண்டாவது இரும்பு உடம்பு, ஒரு சாண் உயரம். மூன்றாவது அதைவிட உயரம், நீளக் கண்ணாடி வைத்தது. படத்தின் மூலைகளைக்கூட அதில் பார்க்கலாம் என்றார். அதன் விலையைக் கேட்டதும் யாகொடா சிலுவை போட்டுக்கொண்டாள்.

நெவென்கா தகட்டை அவிழ்த்து, "உங்க என்லார்ஜர்ல வெச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டாள். கிழவருக்கு அது பிடித்துவிட்டது. பின்னறைக்குக் கூட்டிப்போய் விளக்கை அணைத்தார்.

மூன்றுக்கும் சங்கதி ஒன்றுதான். மேலிருந்து வரும் வெளிச்சத்தைச் சாய்வான சின்ன முகக்கண்ணாடி ஒன்று பிடித்து, பார்வைக் குழாய்க்குத் திருப்பிவிடும். குழாயில் கண்ணை வைத்தால் படத்தின் ஒரு துளி மட்டும் பெரிதாகத் தெரியும். பிளாஸ்டிக் சாமானில் அந்தத் துளி மங்கலாக இருந்தது; கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலும் இருண்டது. இரும்பு உடம்புக்காரனில் குழாயைத் திருகலாம். உள்ளே ஒரு மயிர்க்கோடு இருந்தது. முதலில் அந்தக் கோடு தனக்குத் தெளிவாகும்வரை திருகிக்கொள்ள வேண்டும், பிறகு என்லார்ஜரைத் திருப்ப வேண்டும்.

"கோடு தெளிவாத் தெரிஞ்சா போதும்மா. உங்க கண்ணு எப்படி இருந்தாலும் கவலை இல்லை" என்றார் கிழவர். "ஆனா இந்த முகக்கண்ணாடிதான் உயிர். அது இடம் மாறிச்சுன்னா நீங்க பாக்கற இடம் ஒண்ணு, தாள் இருக்கற இடம் ஒண்ணு ஆயிடும். உள்ள பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும்."

நெவென்கா திருப்பினாள். மங்கலாக இருந்த சாம்பல் படலம் மெல்ல மெல்லப் பிரிந்து கசகசாவைக் கொட்டினாற்போலத் துகள் துகளாக நின்றது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். இருபது வருஷமாக அவள் தொட்டுப் புழங்கிய படங்கள் எதனால் ஆனவை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"யாகொடா, இங்க வா, பாரு. கசகசா!"

உயரமானதும் நன்றாகவே இருந்தது. ஆனால் தகடுகளுக்கு மூலை பார்க்க வேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை. நடுவிலுள்ளதையே இரண்டு பேரும் எடுப்பது என்று முடிவானது. நெவென்கா சும்மா வாங்குகிறவள் இல்லை. இரண்டு பெட்டியையும் பிரிக்கச் சொல்லி, ஒன்றில் துகளைப் பிடித்து, அதை நகர்த்திவிட்டு மற்றதை வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் துகள் ஒரே மாதிரி நின்றது. கிழவர் ஒரு துண்டுத் தாளில் பிரிண்ட்டும் போட்டுக் காட்டினார். கூர்மை என்றால் கூர்மை. இரண்டு பெட்டிமேலும் அவரவர் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

எல்லையில் சுங்கக்காரர்கள் பஸ்ஸைக் குடைவார்கள் என்று, யாகொடா இரண்டு சாமானையும் பெட்டியோடு தன் பெரிய கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டாள். பாவாடைக்கு அடியில் இரண்டு ஜீன்ஸ் வேறு. "எந்திரிச்சா உக்கார முடியல, உக்காந்தா எந்திரிக்க முடியல" என்று அவள் முனக, நெவென்கா சன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள். சுங்கக்காரன் யாகொடாவின் வேர்த்த முகத்தைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா அம்மா?" என்றான். "மாசமா இருக்கேன்" என்றாள் அவள். பஸ்ஸே சிரிப்பில் குலுங்கியது.

ஊர் வந்து இறங்கியபோது, "தையலை இங்க பிரிக்க முடியாது கூமா, திங்கக்கிழமை கொண்டு வரேன்" என்றாள். நெவென்கா சரி என்றாள்.

திங்கட்கிழமை பெட்டி வந்தது. நெவென்கா முதல் வேலையாகச் சந்தைத் தகடு ஒன்றை வைத்து, துகளைப் பிடித்து, பிரிண்ட் போட்டாள். ஈரத்தில் நன்றாகத்தான் இருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் கூடைப் பின்னலில் ஏதோ ஒரு மழுங்கல். முதல் நாள் பழக்கமில்லை என்று விட்டுவிட்டாள். அந்த வாரம் முழுக்க அப்படியே இருந்தது. என்லார்ஜரின் லென்ஸைக் கழற்றித் துடைத்தாள். ரசமட்டம் வைத்துப் பலகையைச் சரிசெய்தாள். லாரி போகும்போது கட்டடம் அதிர்கிறதோ என்று, லாரி போகாத நேரமாகப் பார்த்து வேலை செய்தாள். குழாயில் கண்ணை வைத்தால் துகள் துல்லியமாக நின்றது. தாளில் இறங்கினால் பனி மூடியதுபோல வந்தது.

மூன்றாவது வாரம் தடுப்பைத் தட்டினாள். "யாகொடா, உன்னோடதைக் கொஞ்சம் குடேன். ரெண்டையும் சேத்து வெச்சுப் பாத்துடறேன்."

அந்தப் பக்கம் இழுப்பறை ஒன்றை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இப்ப நடு வேலைல இருக்கேனே. நீ உன்னோடதைக் குடுத்துட்டுப் போ, நான் பாத்து வெக்கறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்தாள். "பாத்தேன் கூமா. ரெண்டும் ஒண்ணுதான். ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை."

நெவென்கா அதை நம்பினாள். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. கடையில் தானே சோதித்த சாமான். இப்போது யாகொடாவும் பார்த்துவிட்டாள். அப்படியென்றால் மிச்சம் இருப்பது தன் கண்தான்.

"கோடு தெளிஞ்சா போதும்னு அந்தக் கிழவர் சொன்னாரே" என்றாள் ஒரு நாள் காப்பி குடிக்கும்போது.

"உள்ள புரை விழுந்திருந்தா லென்ஸ் என்ன பண்ணும் கூமா? எங்க மாமியாருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள் யாகொடா, கரண்டியால் காப்பி மண்டியைக் கிளறிக்கொண்டே.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் அவசரக்காரர். புரை ஆரம்பமாக இருக்கலாம், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார். அந்த 'இருக்கலாம்' நெவென்காவின் மனசில் 'இருக்கிறது' என்று இறங்கிவிட்டது.

இதற்கு நடுவில் கண்ணாடித் தகட்டுப் படங்களை ஸாக்ரெபில் பெரிய கண்காட்சியாக வைக்க முடிவானது. நாற்பது படம். நெவென்கா ஆறு படத்தைப் போட்டு இயக்குநர் மேஜையில் வைத்தாள். ஸ்வோனிமிர் வெகுநேரம் பார்த்தார். நல்ல மனுஷன், திட்டத் தெரியாது.

"தோழர் நெவென்கா, நீங்க ரொம்ப நாளா ஓய்வே எடுத்துக்கல" என்றார்.

"சரியா வரலன்னு சொல்லுங்க தோழரே. எனக்கே தெரியுது."

அடுத்த வாரம் தகடுகள் தடுப்புக்கு அந்தப் பக்கம் போயின. நெவென்காவுக்கு மாடியில், அட்டவணைச் சீட்டுகள் எழுதுகிற மேஜை. போவதற்கு முன் யாகொடாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள்: எந்தத் தகடு மஞ்சளித்தது, எதற்கு வெளிச்சம் கூட வேண்டும், எதன் முதுகில் கீறல் இருக்கிறது, வாத்து விற்கிறவளின் முகத்தைக் கறுத்துப்போகாமல் எப்படிக் கைநிழலில் காப்பாற்ற வேண்டும். யாகொடா தலையைக் குனிந்துகொண்டே எழுதிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, "அட, அழாத. வேற யார்கிட்டயோ போகாம உன் கைக்கு வந்ததே, அது எனக்கு எவ்வளவு நிம்மதி" என்று நெவென்காதான் அவள் முதுகைத் தடவினாள்.

கண்காட்சி எழுபத்தேழு இலையுதிர்காலத்தில் திறந்தது. நாற்பது படமும் கத்திபோலக் கூர்மையாக இருந்தன. வாசலில் 'பிரிண்ட்: யாகொடா' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நெவென்கா கார்னேஷன் பூங்கொத்தோடு போய், கடைசி வரிசையில் நின்று கை தட்டினாள்.

டாக்டர் புரை என்று சொன்ன நாளிலிருந்தே அவள் வாழ்ந்த விதம் வெளியே யாருக்கும் தெரியாது. குருடாகப்போகிறவள் போலத் தன்னைத் தயார் செய்துகொண்டாள். சாயங்காலம் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகினாள். அடுப்பிலிருந்து கதவுக்கு ஏழு தப்படி, கதவிலிருந்து படிக்கு நாலு. உப்பு ஜாடியிலும் சர்க்கரை ஜாடியிலும் வெவ்வேறு ரப்பர் வளையம் மாட்டினாள். கோரானா ஆற்றில் கோடைக்காலம் தவறாமல் நீந்துகிறவள், கரை தெரியாமல் போய்விடுமோ என்று அதையும் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சூப்புக்குப் போனால் யாகொடா அவள் தட்டில் முதலில் பரிமாறினாள், அதிகமாகப் பரிமாறினாள், வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டாள். "எங்க கூமாவுக்கு எங்க வீட்டுலதான் கடைசிக்காலம்" என்று வின்கோ சொல்லும்போதெல்லாம் நெவென்கா அவன் கையைத் தட்டிக் கொடுப்பாள். இப்படி இரண்டு வருஷம்.

எழுபத்தெட்டு மே மாதத்தில் ஆஸ்பத்திரிக்கு அல்மா என்ற இளம் பெண் டாக்டர் வந்திருந்தாள். நிதானமாகச் சோதித்துவிட்டு, "யாரு புரைன்னு சொன்னது?" என்று கேட்டாள்.

"இருக்கலாம்னாங்க."

"ஒண்ணும் இல்லை. வயசுக்கு வர்ற வெள்ளெழுத்துதான். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஊசில நூல் கோக்கலாம் நீங்க."

நெவென்கா வீட்டுக்கு வந்து நிஜமாகவே ஊசியை எடுத்துக் கோத்துப் பார்த்தாள். ஒரே தடவையில் போனது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். கண் சரியென்றால், பிழை எங்கே இருந்தது?

அடுத்த மாதம் மிர்த்தாவுக்குப் பள்ளிப்படிப்பு முடிந்த விருந்து. யாகொடா வீட்டுத் தோட்டத்தில், திராட்சைக் கொடிக்கு அடியில் மேஜை போட்டிருந்தார்கள். ஆட்டுக்கறி சுட்டது, பாலாடைக்கட்டி ரொட்டி, வின்கோ வடித்த பிளம் சாராயம். பெண்ணுக்கு அப்போது ஊதா நிற ஜீன்ஸ்மேல் பைத்தியம். அதிலிருந்து பேச்சு திரியெஸ்தேவுக்குப் போனது. சுங்கக்காரனிடம் யாகொடா மாசமானதைச் சொல்லிச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிப்பு எல்லையோட போச்சா?" என்றான் வின்கோ, கிளாஸை நிரப்பிக்கொண்டே. "வீட்டுக்கு வந்து கோட்டைப் பிரிச்சப்ப ஒரு அழுகை அழுதா பாருங்க. கத்தரியை விட்டு ஒரே கிழி, அந்த இரும்புச் சாமான் ஒண்ணு சமையக்கட்டுத் தரைல டமால்னு விழுந்துச்சு. உள்ள இருந்த முகக்கண்ணாடி கழண்டு வெளிய வந்துடுச்சு. என் செருப்புப் பசையை வெச்சு நான்தான் ஒட்டினேன். பாக்கறதுக்குப் புதுசு மாதிரி!"

நெவென்கா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "எது விழுந்தது வின்கோ?"

"எதுன்னா?"

"ரெண்டு இருந்துதே. யாரோடது விழுந்தது?"

"இவளோடதுதான். பெட்டி மேல பேர் எழுதி வெச்சிருந்தீங்களே. 'என்னோடது போச்சே, கூமாவோடது தப்பிச்சுது'ன்னுதானே அழுதா." அவன் சொல்லிக்கொண்டே போனவன், யாரும் சிரிக்காததைக் கவனித்து நிறுத்தினான். "ஏன், என்ன ஆச்சு?"

யாகொடா ரொட்டித் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நெவென்கா அவளைப் பார்த்தாள். அவள் பார்வையைத் திருப்பி, தட்டிலிருந்த ரொட்டிகளை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தாள். ஏற்கனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

நெவென்கா மிர்த்தாவின் நெற்றியில் முத்தம் கொடுத்து, பரிசைக் கையில் வைத்து, தலைவலி என்று சொல்லிக் கிளம்பினாள். வாசல்வரை கைபிடித்து விட யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் எல்லாருக்கும் முன்பாக இருட்டறைக்குள் போனாள். அவளுடைய பழைய என்லார்ஜர் துணி போர்த்திக் கிடந்தது. தகடு ஒன்றை வைத்தாள். யாகொடா மேஜையிலிருந்த துகள் கண்ணாடியை எடுத்துத் துகளைப் பிடித்தாள். அதை நகர்த்திவிட்டு, மாடிக்குப் போனதிலிருந்து தன் இழுப்பறையில் தூங்கியதை அதே இடத்தில் வைத்துக் குனிந்தாள். துகளே இல்லை, வெறும் சாம்பல் கஞ்சி. அதைத் தலைகீழாகத் திருப்பி டார்ச் அடித்தாள். முகக்கண்ணாடியின் விளிம்பில் பழுப்பாகப் பசை உறைந்திருந்தது.

விளக்கைப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். யாகொடா உள்ளே வந்தாள். மேஜைமேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தாள்.

"கூமா..."

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். ரெண்டையும் வெச்சுப் பாத்தேன், ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லைன்னியே. பாத்தியா, பாக்கலையா?"

யாகொடா சுவரில் சாய்ந்தாள். "பாத்தேன்."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

நெவென்கா எழுந்துபோய், சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"மொதல்ல வேணும்னு பண்ணல, சத்தியமா" என்று யாகொடா ஆரம்பித்தாள். "வின்கோ ஒட்டினதும் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். இருந்தாலும் ஒரு பயம். நான் உன்ன மாதிரி கைகாரி இல்லை, சாமான் கோணலா இருந்தாலும் நீ சமாளிச்சுக்குவேன்னு... பெட்டிக்குள்ள இருந்ததை மாத்திட்டேன். நீ கேட்டப்பத்தான் பாத்தேன். அப்ப சொன்னா மாத்தினதையும் சொல்லணும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... அதுக்குள்ள தகடெல்லாம் என்கிட்ட வந்துடுச்சு."

"உனக்கு ஒண்ணு தெரியுமா?" என்றாள் நெவென்கா. "உன் சுருள் தம்மாத்தூண்டு. அதைப் பத்து மடங்கு பெருசாக்கறப்ப இந்தப் பிசகு கண்ணுக்கே தெரியாது. என் தகடு பெருசு, ரெண்டு மடங்குதான் பெருசாக்கறேன், லென்ஸையும் முழுசாத் தொறந்து வெச்சுப் போடறேன். அதுக்குத்தான் இது விஷம். நீ உன்னோடதை நீயே வெச்சிருந்தா உனக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

யாகொடா இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ரெண்டு வருஷம் வீட்டுல கண்ணை மூடிக்கிட்டு நடந்து பழகினேன்டி. அடுப்புலேந்து கதவுக்கு எத்தனை எட்டுன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என் தட்டுல கறி வெச்சியே, அப்பல்லாம் என்ன நெனச்ச?"

யாகொடா அழுதாள். "டைரக்டர்கிட்ட நானே சொல்றேன். இன்னிக்கே சொல்றேன்."

"சொல்லு" என்று நெவென்கா மாடிக்குப் போனாள்.

அன்றைக்குச் சொல்லவில்லை. அந்த வாரமும் சொல்லவில்லை. படியில் எதிரே வந்தால் யாகொடா கையிலிருந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டு கடந்தாள். பத்து நாள் பார்த்துவிட்டு, நெவென்கா தானே இரண்டு பிரிண்ட் போட்டாள். ஒரே தகடு, ஒன்று இந்தக் கண்ணாடியில், ஒன்று அந்தக் கண்ணாடியில். இரண்டையும் ஸ்வோனிமிரின் மேஜையில் வைத்து, நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். "கண்காட்சி அடுத்த மாசம் ஆஸ்திரியா போகுது. அழைப்பிதழ், புத்தகம் எல்லாம் அச்சாயிடுச்சு. இப்பப் போய்..." என்று இழுத்தார். "நீங்க ரெண்டு பேரும் கூமா உறவு வேற. உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கக் கூடாதா?"

"பேசி முடிச்சாச்சு தோழரே. எனக்கு என் தகடும் என் என்லார்ஜரும் வேணும். அவ்வளவுதான்."

அதை மட்டும் கொடுத்தார். யாகொடாமேல் நடவடிக்கை எதுவும் இல்லை. கேட்டவர்களிடம், தோழர் நெவென்காவுக்குக் கண் குணமாகிவிட்டது என்று சொன்னார். அந்தப் பொய்யையும் நெவென்கா திருத்தவில்லை, அவளுக்குச் சலித்துவிட்டது. நாற்பது படங்கள் யாகொடா பெயரிலேயே ஆஸ்திரியா போய், அங்கிருந்து இன்னும் இரண்டு ஊர் சுற்றிவிட்டு வந்தன. அச்சான புத்தகத்திலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது.

நெவென்கா மிச்சமிருந்த தகடுகளைத் தொடர்ந்தாள். கடைத்தெருவில் இருந்த கடிகாரக்காரர் கீழே விழுந்த சாமானின் முகக்கண்ணாடியைப் பிரித்து, இடம் பார்த்து உட்கார்த்தித் தந்தார். அது மறுபடி ஒழுங்காக வேலை செய்தது. ஆனாலும் அவள் பழைய மாதிரி ஒரே பிரிண்ட்டில் நம்பி நிற்பதில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை, மூன்று தடவை சோதித்தாள். யாராவது "சரியா இருக்கு" என்றால், "நானே பாத்துக்கறேன்" என்பாள். கடைக்காரன் எடை போட்ட சீஸைக்கூட வீட்டில் மறுபடி நிறுத்தாள். தன்னிடம் அப்படி ஒரு குணம் முன்பு இருந்ததில்லை என்று அவளுக்கே தெரியும். அதற்காகத்தான் யாகொடாவை அதிகமாக வெறுத்தாள்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாக இன்னும் ஒன்பது வருஷம் வேலை பார்த்தார்கள். "ஹைப்போ மருந்து தீந்துடுச்சு." "தாள் வந்தாச்சு." அவ்வளவே பேச்சு. யாகொடா அவளைப் பெயர் சொல்லி அழைக்கப் பழகிக்கொண்டாள். ஒருமுறை, மழைநாளில், "ஞாயித்துக்கிழமை வின்கோ உன்னைக் கேட்டான்" என்றாள். நெவென்கா குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மிர்த்தாவை மட்டும் அவள் விடவில்லை. பிறந்தநாளுக்குப் பரிசு, பரீட்சைக்குப் பேனா, ஸாக்ரெபில் படிக்கப் போனபோது கம்பளிப் போர்வை. பெண்ணும் அவள் வீட்டுக்கு வந்து போனாள். நடந்தது அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை, "அம்மா ராத்திரில தூங்கறதில்லை கூமா" என்றாள். "கெமோமில் பூக் கஷாயம் போட்டுக் குடுக்கச் சொல்லு" என்றாள் நெவென்கா. அதற்குமேல் பேச்சு நகரவில்லை.

எண்பத்தேழில் மிர்த்தாவின் கல்யாணம். சாட்சியாக நிற்பதற்குக் கூமாவைத்தான் கேட்டாள். நெவென்கா இரண்டு நாள் யோசித்து ஒப்புக்கொண்டாள். நகர மன்றத்தில் கையெழுத்துப் போட்டாள், மாலையில் விருந்து மேஜையில் உட்கார்ந்து சூப் குடித்தாள். வின்கோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு என் வாய்தான் எல்லாத்தையும் கெடுத்துச்சு" என்று குழறினான். "உன் வாய்தான் எனக்குக் கண்ணைத் திருப்பிக் குடுத்துச்சு வின்கோ" என்றாள்.

குடும்பப் படம் எடுக்க வந்த இளைஞன், பெண்ணின் அம்மாவையும் ஞானத்தாயையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தான். "ரெண்டு அம்மாவும் கொஞ்சம் நெருங்கி வாங்க. இன்னும் கொஞ்சம்." யாகொடா நகர்ந்து வந்தாள். அவள் தோள் உரசியது. தலை நரைத்து, முகம் ஊதி, எப்போதையும்விடக் கிழவியாகத் தெரிந்தாள்.

"நெவென்கா" என்றாள் மெதுவாக, காமிராவைப் பார்த்தபடியே. "ஒரு தடவை வீட்டுக்கு வா."

"பொண்ணு கல்யாணம்டி. சிரி" என்றாள் நெவென்கா.

படம் எடுத்து முடித்தார்கள். கேக் வெட்டும்வரை அவள் இருக்கவில்லை. மிர்த்தாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு, மேல்கோட்டை எடுத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே கோரானா பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு நடந்தாள்.